பசையா, திருகா? அலுவலக விரிவாக்கம் பற்றி வாசகர் கேள்விகள்

அலுவலகத்தைப் பெரிதாக்கும்போது பழைய தளவாடங்களை என்ன செய்வது, புதிதாக வாங்குவதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டு வந்த கடிதங்களிலிருந்து சில. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: இப்போது 60 பேர் இருக்கிறோம். பக்கத்துத் தளத்தையும் எடுத்து 100 பேருக்கு இடம் செய்யப் போகிறோம். "சூழலுக்கு உகந்த முறையில் செய்யுங்கள்" என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. வடிவமைப்பாளர் கொண்டுவந்த வரைபடத்தில் எல்லாமே புதுசு. மூங்கில் பலகை, மறுசுழற்சித் துணி என்று பெயரில்தான் பச்சை இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அந்த வரைபடத்தைக் கொஞ்ச நாள் மடித்து வையுங்கள். கையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போட்ட வரைபடம், கடைக்குக் கொண்டுபோகும் பட்டியலாகத்தான் முடியும். கணக்கெடுப்பு முதலில், வரைபடம் பிறகு. இந்த வரிசை மாறினால் மற்ற எதைச் செய்தும் பெரிய பலன் இருக்காது.

இரண்டு தளங்களையும் சுற்றி வாருங்கள். புதுத் தளத்தில் முன்பு இருந்தவர்கள் விட்டுப்போனதும் கணக்கில் சேரும். ஒரு தாளில் ஆறு பத்தி போதும்: பொருள், நீள அகல உயரம், எண்ணிக்கை, நிலை, எதோடு எப்படிப் பொருத்தியிருக்கிறது, படம். நிலையை மூன்றாகப் பிரியுங்கள். அப்படியே எடுத்து வைக்கலாம் என்றால் 'அ', பழுது பார்த்தால் போதும் என்றால் 'ஆ', மூலப்பொருளாக மட்டுமே பயன்படும் என்றால் 'இ'. 1,000 சதுர மீட்டருக்கு இரண்டு பேர் மூன்று நான்கு நாள் உட்கார்ந்தால் முடியும் வேலை இது.

ஐந்தாவது பத்தியைத்தான் எல்லோரும் காலியாக விடுகிறார்கள். அதுதான் முக்கியம். திருகு, கிளிப், தன் எடையிலேயே நிற்பது என்றால் அது இன்னொரு முறை பயன்படும். பசை என்றால் பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான். மேலே பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு வகையிலும் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். திருகு தெரிகிறதே என்று 'அ' போட்ட கதவு நிலைக்குப் பின்னால் ஃபோம் பசை நிரப்பியிருப்பது அப்போதுதான் தெரியும்.

கட்டடம் பழையது என்றால் கழற்றுவதற்கு முன்பே ஆஸ்பெஸ்டாஸ் பரிசோதனை வேண்டும். கூரைப் பலகை, பழைய வினைல் தரை ஓடு, அதன் அடியிலுள்ள கறுப்புப் பசை, குழாய்களைச் சுற்றிய உறை ஆகியவை சந்தேகத்துக்குரியவை. உடைத்துப் பார்ப்பது, உரசுவது எதுவும் கூடாது. பயிற்சி பெற்றவர் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

இத்தனை பாடு எதற்கு என்று நிர்வாகம் கேட்டால் ஃபிராங்க் டஃபியின் கணக்கைச் சொல்லுங்கள். அலுவலகக் கட்டடங்களையே ஆராய்ந்த பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் அவர். கட்டடத்தின் கூடு ஏறக்குறைய 50 ஆண்டு நிற்கும், மின்சாரம் குளிர்சாதனம் போன்றவை 15 ஆண்டு, தடுப்பு, தரை, கூரை வகையறா 5 முதல் 7 ஆண்டு என்று அடுக்குகளாகப் பிரித்தார். அதாவது ஒரு கூட்டின் ஆயுளுக்குள் உள்ளலங்காரம் ஏழெட்டு முறை மாறுகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம்தானே என்று தோன்றும் குப்பையும் கரிம உமிழ்வும் ஏழெட்டால் பெருகுகின்றன.

ஒரு விஷயம் கேட்காமலே சொல்கிறோம். 40 மேசை கூடுதலாக வேண்டும் என்பதை நம்பிவிடாதீர்கள். இரண்டு வாரம், நாளுக்கு மூன்று முறை (11 மணி, 3 மணி, 5 மணி) காலி இருக்கைகளை எண்ணுங்கள். 60 பேரில் ஒரே நேரத்தில் 45 பேருக்கு மேல் உட்காரவே இல்லை என்றால் உங்கள் விரிவாக்கக் கணக்கே மாறிவிடும். வாங்காத மேசையை விடச் சூழலுக்கு உகந்த மேசை எதுவும் கிடையாது.

கேள்வி: பழைய தளத்தில் 50 செ.மீ. சதுரக் கார்ப்பெட் டைல் போட்டிருக்கிறது. ஏழு வருடம் ஆகிறது. பாதி நன்றாகத்தான் இருக்கிறது. புதிதாக வாங்குவதையும் இதையும் கலந்து போட்டால் ஒட்டுப் போட்டது போலத் தெரியாதா?

பதில்: கலந்து போட்டால் தெரியும். அதனால் கலக்காதீர்கள்.

கார்ப்பெட் டைல் ஒரே சீராகத் தேய்வதில்லை. கதவருகே, நடைபாதையில், காபி இயந்திரத்தைச் சுற்றி நசுங்கிக் கிடக்கும். மேசைக்கு அடியில், அலமாரிக்குக் கீழே ஏழு வருடம் ஆனாலும் முதல் நாள் போட்டது போலவே இருக்கும். ஜன்னல் ஓரம் தேயாது, வெளிறும். எனவே தூக்கும்போதே மூன்று குவியல் போட வேண்டும்: மேசை அடி, ஜன்னல் ஓரம், நடைபாதை. நடைபாதைக் குவியல் 'இ'. மற்ற இரண்டையும் தனித்தனி அறைகளுக்கு முழுதாக ஒதுக்குங்கள். சந்திப்பு அறை ஒன்றில் ஜன்னல் ஓரக் குவியல் மட்டும், இன்னொன்றில் மேசை அடிக் குவியல் மட்டும். புதிதாக வாங்குவது நடைபாதைக்குப் போகட்டும், தேய்மானம் அங்கேதான். பழையதும் புதியதும் சந்திக்கும் கோடு கதவின் அடியில் வந்தால் யார் கண்ணிலும் படாது.

எண்ணிக்கை சுலபம். சதுர மீட்டருக்கு 4 டைல். 400 சதுர மீட்டரில் 1,600 டைல், ஒன்று ஏறக்குறைய 1 கிலோ. ஆகவே ஒன்றரை டன்னுக்கு மேல் தூக்கி அடுக்க இடமும் ஆளும் வேண்டும். முதலில் சோதனைக்கு ஒரு மூலையில் நான்கைத் தூக்குங்கள். ஒட்டி உரிக்கக்கூடிய அழுத்தப் பசை போட்டிருந்தால் விரலால் மூலையை நெம்பினாலே வரும். கடினப் பசை என்றால் அடிப்பாகம் பிய்ந்து தரையிலேயே தங்கும். அப்படி இருந்தால் மறுபயன்பாட்டை மறந்துவிடுங்கள்.

தூக்கிய டைலைச் சமமான மேசையில் வைத்துப் பாருங்கள். மூலை 2 மி.மீ.க்கு மேல் எழும்பி நின்றால் கழித்துவிடுங்கள், அது எங்கே போட்டாலும் காலைத் தட்டும். அடுக்கும்போது முகத்துக்கு முகம், முதுகுக்கு முதுகு. முகமும் முதுகும் சேர்ந்தால் மிச்சப் பசை இழையில் ஒட்டிக்கொள்ளும். நிற்க வைத்து அடுக்கினால் வளைந்துவிடும், தட்டையாக வையுங்கள். சுத்தம் செய்தபின் முழுக்கக் காயாமல் அடுக்கினால் ஒரு வாரத்தில் நாற்றம் வந்துவிடும்.

திரும்பப் போடும்போது பின்பக்கத்திலுள்ள அம்புக்குறியைப் பார்க்க வேண்டும். இழையின் திசை அது. எல்லாம் ஒரே திசையில் போட்டால் சிறு நிற வேறுபாடும் பளிச்சென்று தெரியும். ஒன்றுவிட்டு ஒன்றைக் கால் வட்டம் (90 டிகிரி) திருப்பிப் போட்டால் வேறுபாடு வடிவம் போலாகி மறைந்துவிடும். பசைக்குப் பதில் மூலைகளை இணைக்கும் ஒட்டுச் சில்லுகள் கிடைக்கின்றன. நான்கு டைல் சேரும் மூலையில் ஒன்று வைத்தால் போதும், தரையில் எதுவும் ஒட்டாது. ஆனால் சுவரோரத்தில் வெட்டிய துண்டுகளுக்கு மட்டும் கொஞ்சம் அழுத்தப் பசை தேவைப்படும், இல்லையென்றால் நகரும். தரையின் ஈரப்பதத்தையும் அளந்துவிடுங்கள். கான்கிரீட்டின் ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் எந்த டைலும் மூலை தூக்கும். பழி பழைய டைல் மேல் விழும்.

கேள்வி: 1600 × 800 மி.மீ. மேசைகள் 60 இருக்கின்றன. 1400 ஆக வெட்டினால் வரிசைக்கு ஒருவர் கூடுதலாக உட்காரலாம். "பார்ட்டிகல் போர்டை வெட்டினால் திருகு நிற்காது, புதுசு வாங்குங்கள்" என்கிறார் தச்சர். உண்மையா?

பதில்: பாதி உண்மை. வெட்டுவதால் திருகு நிற்காமல் போவதில்லை. பழைய ஓட்டையிலேயே மறுபடி திருகுவதால்தான் நிற்காமல் போகிறது. பார்ட்டிகல் போர்டு என்பது மரத்துகளும் பசையும். ஒரு முறை திருகி எடுத்தால் ஓட்டைக்குள் பொடி உதிர்ந்துவிடும், இரண்டாம் முறை திருகு சும்மா சுற்றும்.

இதற்கு மூன்று வழி. கால் பொருத்தும் தகட்டை 40 மி.மீ. தள்ளிப் புதிய இடத்தில் 3 மி.மீ. முன்துளை போட்டுத் திருகலாம். இடம் மாற்ற முடியாது என்றால் பழைய ஓட்டையை 10 மி.மீ.க்குப் பெரிதாக்கி, பசை தடவிய கடினமர முளையை இறக்கி, காய்ந்தபின் அதில் திருகலாம். மூன்றாவதுதான் எங்கள் விருப்பம்: மரையுள்ள உலோகச் செருகி. எம்6 அளவு (6 மி.மீ. போல்ட் ஏறும்) செருகியைப் பலகையில் பதித்துவிட்டால், இனி எத்தனை முறை கழற்றினாலும் போல்ட்டும் உலோகமும்தான் உரசும், பலகை தேயாது. ஒரு மேசைக்கு எட்டு செருகி போதும். அடுத்த இடமாற்றத்தில் இந்த எட்டும் மேசையைக் காப்பாற்றும். 25 மி.மீ. பலகையில் செருகியின் நீளம் 15 மி.மீ.யைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீளமான போல்ட் போட்டு இறுக்கினால் பலகையின் மேலுள்ள மெலமைன் பூச்சு கொப்பளம் போல் எழும்பும்.

வெட்டுவதற்கு வருவோம். கைரம்பம், வட்டரம்பம் எதுவும் வேண்டாம், மெலமைன் ஓரம் பல் பல்லாகச் சிதறும். முன்கீறல் பிளேடு உள்ள பேனல் ரம்பத்தில், பட்டறையில் வெட்ட வேண்டும். வெட்டிய ஓரத்தைத் திறந்து வைக்கக்கூடாது, ஈரத்தை உறிஞ்சி உப்பும். உள்ளேயிருந்து ஃபார்மால்டிஹைடும் (பலகையின் பசையிலிருந்து கசியும், உடலுக்குக் கேடான வாயு) அந்த ஓரம் வழியாகத்தான் கூடுதலாக வெளியேறும். 2 மி.மீ. ஏபிஎஸ் பிளாஸ்டிக் விளிம்புப் பட்டியை இயந்திரத்தில் ஒட்டச் சொல்லுங்கள். இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்டுவது ஒரு வருடத்தில் உரிந்து வரும்.

வெட்டுவதற்கு முன் மூன்றைப் பாருங்கள். அடியிலுள்ள இரும்புச் சட்டம் நீட்டிச் சுருக்கக்கூடியதா? இல்லையென்றால் அதையும் அறுக்க வேண்டும், வேலை இரட்டிப்பாகும். கம்பி வரும் துளை நடுவில் இருந்தால் ஒரே பக்கத்தில் 200 வெட்டாமல், இரு பக்கமும் நூறு நூறாக எடுங்கள். இரண்டு ஓரத்துக்கும் பட்டி ஒட்ட வேண்டிவரும், பரவாயில்லை. கடைசியாக, வெட்டுவதால் நிஜமாகவே லாபம் உண்டா? 7.2 மீட்டர் சுவரில் 1600 மேசை நான்குதான் பிடிக்கும், 1400 என்றால் ஐந்து. 6.5 மீட்டர் சுவரில் இரண்டுமே நான்குதான். உங்கள் சுவரை அளந்துவிட்டு, கூடுதல் இடம் கிடைக்கும் வரிசைகளை மட்டும் வெட்டுங்கள்.

கேள்வி: எங்கள் நாற்காலிகளில் இருபதுக்கும் மேற்பட்டவை, உட்கார்ந்தாலே கீழே இறங்கிவிடுகின்றன. மொத்தமாக மாற்றிவிடலாமா?

பதில்: இறங்கும் நாற்காலி செத்த நாற்காலி இல்லை. கேஸ் லிஃப்ட் என்கிற உருளையின் அடைப்பு வளையம் தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். உருளையை மாற்ற இருபது நிமிடம் ஆகும்.

உருளை மேலும் கீழும் கூம்பாகச் செதுக்கப்பட்டு, எடையாலேயே இறுகி நிற்கிறது. திருகோ பசையோ கிடையாது. நாற்காலியைக் கவிழ்த்து, கால்சிலுவையின் (சக்கரங்கள் மாட்டிய அடிப்பாகம்) நடுவில் உள்ள கிளிப்பை எடுத்து, ரப்பர் சுத்தியலால் சிலுவையின் மையத்தைச் சுற்றித் தட்டினால் சிலுவை கழன்றுவிடும். மேலே இருக்கைப் பொறியமைப்பில் மாட்டியிருக்கும் முனையைக் குழாய் ரெஞ்சால் பிடித்துத் திருப்பினால் வரும். உருளையையே சுத்தியலால் அடிப்பது, சூடாக்குவது, அறுப்பது, துளைப்பது எதுவும் கூடாது. உள்ளே உயர் அழுத்த நைட்ரஜன் இருக்கிறது. புதியது வாங்கும்போது வெளிக்குழாயின் விட்டம் (பெரும்பாலும் 50 மி.மீ.), மேல் கூம்பின் விட்டம் (பெரும்பாலும் 28 மி.மீ.), ஏறி இறங்கும் நீளம் மூன்றையும் அளந்து சொல்லுங்கள்.

சக்கரமும் அப்படித்தான், பிடுங்கினால் வரும். அதன் தண்டு பெரும்பாலும் 11 மி.மீ. புதுத் தளத்தில் தரை மாறுகிறதா என்று பாருங்கள். கார்ப்பெட்டுக்குக் கடினச் சக்கரம், மரம் அல்லது ஓட்டுத் தரைக்கு மென்மையான ஓரம் உள்ள சக்கரம். மாற்றாமல் விட்டால் கடினச் சக்கரம் ஆறே மாதத்தில் வினைல் தரையில் கோடு போடும்.

நாற்காலிகளை மாடல்வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு மாடலிலும் மிக மோசமான ஒன்றைப் பலி கொடுங்கள். அதன் கைப்பிடி, நெம்புகோல், திருகு எல்லாம் மற்றவற்றுக்கு உதிரி பாகம். கால்சிலுவையில் விரிசல் கண்டால் அந்தச் சிலுவையை மாற்றியே ஆக வேண்டும், ஒட்டிப் பயன்படுத்தாதீர்கள். இருக்கை ஃபோமைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அடிப்பலகை தட்டுப்பட்டால் ஃபோம் மாற்ற வேண்டும். தொட்டாலே பொடியாக உதிர்ந்தால் பழைய தீத்தடுப்பு ரசாயனங்கள் இருக்கக்கூடும். அதை அலுவலகத்தில் வைத்துப் பிரிக்க வேண்டாம்.

கேள்வி: சந்திப்பு அறையின் கண்ணாடித் தடுப்பைப் புதுத் தளத்துக்குக் கொண்டுபோக ஆசை. புது அறை 10 செ.மீ. குறைவு. ஒரு கண்ணாடியை மட்டும் வெட்டிக்கொள்ளலாமா?

பதில்: மூலையில் முத்திரையைப் பாருங்கள். டஃபன்ட், அதாவது வெப்பப் பதம் கொடுத்த கண்ணாடி என்றால் வெட்டவோ துளையிடவோ முடியாது. 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்ததால் மேற்பரப்பு அழுத்தத்திலும் உள்பகுதி இழுவிசையிலும் இருக்கும். கீறல் உள்ளே போன மறுநொடி முழுக் கண்ணாடியும் சில்லுச் சில்லாகிவிடும். முத்திரை அழிந்துபோயிருந்தால் போலரைஸ்டு வெயில் கண்ணாடி வழியாகப் பாருங்கள், புள்ளி புள்ளியாக நிழல் தெரிந்தால் அது வெப்பப் பதம் கொடுத்த கண்ணாடிதான்.

கண்ணாடி வளையாது, சுவர்தான் வளைய வேண்டும். வரைபடத்தில் 10 செ.மீ. நகர்த்துவதற்குச் செலவு எதுவும் இல்லை. அதுவும் முடியாவிட்டால் ஒரு கண்ணாடியை விட்டுவிட்டு மிச்ச இடைவெளியைப் பலகையால் மூடுங்கள். மின் சுவிட்சு வைக்க எப்படியும் ஒரு பலகை தேவைப்படும். இதையேதான் முதல் பதிலிலும் சொன்னோம்: கண்ணாடியின் அளவு தாளில் இருந்திருந்தால் அறை அந்த அளவிலேயே பிறந்திருக்கும்.

கேள்வி: புதிய அறைகளுக்கு ஜிப்சம் சுவரா, கழற்றி மாட்டும் அலுமினியத் தடுப்பா? கழற்றி மாட்டுவதுதான் சூழலுக்கு நல்லது என்கிறார்கள்.

பதில்: நகர்த்தினால் நல்லது. நகர்த்தவே போவதில்லை என்றால் இல்லை. தாதுவிலிருந்து எடுக்கும் அலுமினியத்துக்கு மின்சாரம் ஏராளமாகச் செலவாகிறது. பழைய அலுமினியத்தை உருக்கிச் செய்தால் அதற்கான ஆற்றலில் ஏறக்குறைய 5 சதவீதம் போதும். எனவே தடுப்பு வாங்கினால் சட்டத்தில் மறுசுழற்சி அலுமினியம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பத்து வருடம் ஒரே இடத்தில் நிற்கப்போகும் சர்வர் அறைக்குச் சாதாரண ஜிப்சம் சுவரே சரி.

ஜிப்சம் சுவரில் திரும்ப எடுக்க முடிவது உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம். பலகை உடைந்துதான் வரும். ஆனால் அந்த உடைசல், நனையாமல், வண்ணத்தாளோ ஓடோ ஒட்டாமல் இருந்தால், ஜிப்சம் ஆலைக்கே மூலப்பொருளாகத் திரும்பும். மற்ற குப்பையோடு கலந்து மண்ணில் புதைத்தால் காற்றில்லாத ஈரத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு உருவாகும், அழுகிய முட்டை வாடை அது. ஆகவே வேலை நடக்கும் இடத்தில் ஜிப்சத்துக்கென்று மூடிய தொட்டி தனியாக வேண்டும்.

கழற்றி மாட்டும் தடுப்பு போட்டவர்கள் பெரும்பாலும் புலம்புவது ஒலி பற்றித்தான். தடுப்பு ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றுவிட்டால் பேச்சு சீலிங்குக்கு மேலே ஏறி அடுத்த அறையில் இறங்கும். விற்பனையாளர் தாளில் 45 டெசிபல் என்று இருப்பது ஆய்வகத்தில் அளந்த எண். தடுப்புக்கு நேர் மேலே, கான்கிரீட் வரை ஒலித்தடை போட்டு, கதவின் அடியில் இறங்கு சீல் (கதவை மூடும்போது கீழே இறங்கி இடைவெளியை அடைப்பது) வைத்தால்தான் அதன் அருகிலாவது வரும்.

கேள்வி: வரவேற்பறையில் பாசிச் சுவர் வைக்கச் சொல்கிறார்கள். பசுமைக்குப் பசுமை, பராமரிப்பும் இல்லையாமே?

பதில்: அது பதப்படுத்தி, சாயமேற்றி, பலகையில் பசையால் ஒட்டிய பாசி. உயிர் இல்லை, அதனால்தான் பராமரிப்பும் இல்லை. கழற்றினால் பாசியும் தேறாது, பலகையும் தேறாது. நான்கு தொட்டிச் செடி வையுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு விற்பனையாளரும் "100 சதவீதம் சுழற்சி முறை", அதாவது எல்லாம் மறுபடி பயன்பாட்டுக்கே திரும்பும் என்கிறார். எதை வைத்து நம்புவது?

பதில்: நான்கு கேள்வி கேளுங்கள், பாதிப் பேர் அடுத்த சந்திப்புக்கு வரமாட்டார்கள்.

மறுசுழற்சிப் பொருள் எவ்வளவு, அதில் பயன்படுத்தி முடித்ததிலிருந்து வந்தது எவ்வளவு? ஆலையில் விழுந்த வெட்டுத் துண்டும் 'மறுசுழற்சி' என்ற பெயரில் வரும். ஐஎஸ்ஓ 14021 என்ற சர்வதேசத் தரம் இரண்டையும் தனித்தனியாக வரையறுக்கிறது, நீங்களும் தனித்தனியாகவே கேளுங்கள்.

திரும்ப எடுத்துக்கொள்வோம் என்றால், லாரிச் செலவு யாருடையது, குறைந்தபட்சம் எத்தனை சதுர மீட்டர், எடுத்துப் போனது என்ன ஆனது என்பதற்குச் சான்று தருவார்களா? "எடுத்துக்கொள்வோம்" என்ற சொல்லுக்குள் எரிஉலையும் அடக்கம்.

இபிடி எனும் சூழல் தாக்க அறிக்கை உண்டா? இருப்பதனாலேயே பொருள் நல்லது என்று ஆகிவிடாது. பிஸ்கட் பாக்கெட்டின் பின்னால் உள்ள சத்துப் பட்டியல் போன்றது அது, படித்துப் பார்க்க வேண்டும். அதில் ஏ1 முதல் ஏ3 வரையுள்ள பத்திகள், மூலப்பொருளிலிருந்து ஆலை வாசல் வரையிலான கணக்கு. இரண்டு பொருளை ஒப்பிடும்போது அலகு ஒன்றா என்று பாருங்கள், ஒருவர் சதுர மீட்டருக்கும் இன்னொருவர் கிலோவுக்கும் சொல்லியிருப்பார். 'டி' என்ற பத்தியில் கழித்தல் குறியோடு ஒரு எண் இருக்கும். எதிர்காலத்தில் மறுசுழற்சி ஆனால் கிடைக்கக்கூடிய பலன் அது. அதை மொத்தத்தில் கழித்துக் காட்டும் விற்பனையாளரிடம் உஷாராக இருங்கள்.

கடைசிக் கேள்வியைக் கையால் கேட்க வேண்டும்: மாதிரியை மேசையில் வைத்து, "இதை என் முன்னால் பிரித்துக் காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். சாதாரண ஸ்க்ரூடிரைவரும் ஆலன் சாவியும் போதுமானால் சரி. மூங்கில் பலகை நல்லதுதான், ஆனால் அது மூங்கிலும் பசையும். பசையின் ஃபார்மால்டிஹைடு அளவு என்ன என்று கேளுங்கள். ஐரோப்பிய ஈ1 தரத்தின் வரம்பு கன மீட்டருக்கு 0.124 மில்லிகிராம்.

கேள்வி: பழைய குழல் விளக்குகளை எல்.இ.டி. பேனலாக மாற்றுகிறோம். கவனிக்க வேண்டியது என்ன?

பதில்: எல்.இ.டி. சில்லு சீக்கிரம் சாவதில்லை, அதற்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் 'டிரைவர்' என்ற பகுதிதான் முதலில் போகும். உள்ளே உள்ள மின்தேக்கி சூட்டில் காய்ந்துவிடும். டிரைவர் தனிப் பெட்டியாக, செருகி எடுக்கும் இணைப்போடு இருக்கும் பேனலையே வாங்குங்கள். ஒட்டி மூடிய பேனல் என்றால் சிறு டிரைவருக்காக முழுப் பேனலும் குப்பை. ஆம்ஸ்டர்டாமில் கட்டடக் கலைஞர் தாமஸ் ராவ் தன் அலுவலகத்துக்கு விளக்கை வாங்காமல், வெளிச்சத்துக்கு மட்டும் பணம் தருகிறேன் என்று பிலிப்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார். விளக்கு தயாரித்தவருக்கே சொந்தம் என்றால் பழுது பார்க்கக்கூடியதாகச் செய்யும் அக்கறை அவருக்குத் தானாக வரும்.

எல்லா இடத்திலும் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வேண்டியதில்லை. எழுதும் படிக்கும் இடத்தில் 500, அதைச் சுற்றி 300, நடைபாதையில் 100 என்பதே ஐரோப்பியத் தரம். மேசை உயரத்தில் லக்ஸ் மீட்டர் வைத்து அளந்து பாருங்கள், பேனல் எண்ணிக்கை குறையும். கழற்றிய குழல்களில் பாதரசம் இருக்கிறது. உடைக்காமல், புதியது வந்த அட்டைப் பெட்டியிலேயே அடுக்கி, அனுமதி பெற்ற கையாள்பவரிடம் கொடுங்கள்.

கேள்வி: சீலிங் பலகைகள் மஞ்சளாகிவிட்டன. வெள்ளையடித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். சாதாரண பெயின்ட் நுண்துளைகளை அடைத்துவிடும், ஒலியை உறிஞ்சும் திறன் குறையும், தீத்தரமும் மாறக்கூடும். மென்தூரிகை மாட்டிய வாக்குவம் கொண்டு உறிஞ்சிப் பாருங்கள். அப்படியும் மஞ்சளாக இருப்பதைச் சேமிப்பு அறைக்கும் நகல் இயந்திர அறைக்கும் மாற்றிவிட்டு, அங்குள்ள நல்லதை இங்கே கொண்டுவாருங்கள்.

கேள்வி: "பழையதைக் கழற்றிச் சேர்ப்பதை விடப் புதுசு மலிவு" என்று ஒப்பந்ததாரர் அடித்துச் சொல்கிறார். எப்படி மறுப்பது?

பதில்: சில பொருளுக்கு அவர் சொல்வது சரி. ஒட்டிய வினைல் தரை, இரண்டு முறை இடம் மாறிய மலிவு அலமாரி, சுவரில் ஒட்டிய அலங்காரப் பலகை இவற்றோடு மல்லுக்கட்டாதீர்கள். இரும்பு அலமாரி, உயர்த்திய தரைப் பலகை, கேபிள் தட்டு, நிலையோடு கூடிய கதவு, கார்ப்பெட் டைல், நல்ல நாற்காலி ஆகியவற்றுக்கு அவர் சொல்வது பெரும்பாலும் தவறு. தீத்தடுப்புக் கதவு மட்டும் விதிவிலக்கு. கதவு, நிலை, கீல், பூட்டு எல்லாம் சேர்ந்த தொகுப்புக்குத்தான் சான்று. ஓரத்தைச் சீவினாலோ புதிதாகத் துளையிட்டாலோ சான்று போய்விடும்.

அவரது விலைப் பட்டியலில் 'அகற்றுதல்' என்று ஒரே வரி இருக்கும். அதை இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: உடைத்து அகற்றுதல், சேதமின்றிக் கழற்றுதல். இரண்டாவதற்கு ஆள்கூலி ஏறக்குறைய இரட்டிப்பாகும், மறுக்க வேண்டாம். எதிர்ப்பக்கத்தில் வாங்காத பொருளின் விலையையும் குப்பை லாரிக் கட்டணத்தையும் வையுங்கள். சேமிப்பிடத்தின் வாடகையை மறக்காதீர்கள். மறுபயன்பாட்டுத் திட்டங்கள் பல அதில்தான் கவிழ்கின்றன. முடிந்தால் புதுத் தளத்தில் ஒரு மூலையைக் கடைசியாகக் கட்டும்படி விட்டு, அதையே கிடங்காக்குங்கள். கழற்றும்போது நூற்றுக்கு பத்து பதினைந்து சேதமாகும் என்று வைத்தே எண்ணுங்கள்.

ஒப்பந்தத்தில் ஒரு வரியைக் கட்டாயம் தேடுங்கள்: "அகற்றிய பொருட்கள் ஒப்பந்ததாரருக்குச் சொந்தம்." பல ஒப்பந்தங்களில் இது ஏற்கெனவே அச்சாகி இருக்கும். அதை அடிக்காமல் கையெழுத்திட்டால் உங்கள் 1,600 டைலும் வேறொருவருடையது.

கேள்வி: ஐந்து வருடத்தில் மறுபடியும் இடம் மாறலாம். இப்போதே என்ன செய்து வைக்கலாம்?

பதில்: வாடகை ஒப்பந்தத்தில் 'பழைய நிலைக்குத் திருப்பி ஒப்படைத்தல்' என்ற பிரிவு இருக்கிறதா பாருங்கள். இருந்தால், எதையெல்லாம் விட்டுப்போகலாம் என்று உரிமையாளரிடம் இப்போதே எழுதி வாங்குங்கள், காலி செய்யும் வாரத்தில் பேச நேரம் இருக்காது. கார்ப்பெட், சீலிங் பலகை இரண்டிலும் 5 சதவீதம் கூடுதலாக வாங்கி வையுங்கள், அதே சாயத் தொகுதி பிறகு கிடைக்காது. கணக்கெடுப்புத் தாளைப் புதிய பொருட்களோடு திருத்தி, தயாரிப்பாளர் பெயர், மாடல், பொருத்திய விதம், வாங்கிய ஆண்டு எழுதிய சீட்டை ஒவ்வொன்றின் அடியிலும் ஒட்டுங்கள்.

தடுப்பைக் கழற்றும் தனி வகைச் சாவியையும், தரைப் பலகையைத் தூக்கும் உறிஞ்சு கைப்பிடியையும் வேலை முடிந்த அன்றே ஒப்பந்ததாரரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். மேசை டிராயரில் போட்டால் இரண்டாம் வருடம் காணாமல் போகும். மின் அறைக் கதவின் உள்பக்கம் ஒரு கொக்கி அடித்து அதில் மாட்டி வையுங்கள்.